வாசலுக்குச் சட்டம் போட்ட கதை

சும்மா இருக்கிற சுவரைச் சும்மா விட்டுவிடத் தெரிந்தவர்கள் கொடுத்து வைத்தவர்கள். எனக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. எதைப் பார்த்தாலும் ஓரம் சரியில்லை, மூலை சேரவில்லை என்று கண் அங்கேயே போய் நிற்கும். புதுப் புடவையைப் பிரித்தால் மற்றவர்கள் முந்தானையைப் பார்ப்பார்கள், நான் ஓரத் தையலைப் பார்ப்பேன். அம்மா இந்தக் குணத்துக்கு ‘நோண்டல்’ என்று பெயர் வைத்திருந்தார். நான் அதை அழகுணர்ச்சி என்று நம்பிக்கொண்டிருந்தேன். அந்த அழகுணர்ச்சிதான் என் கல்யாணத்தைக் கவிழ்க்கப் பார்த்தது.

அப்போது நானும் அம்மாவும் ஜெலுத்தோங்கில் ஓர் அடுக்குமாடி வீட்டின் ஒன்பதாவது மாடியில் இருந்தோம். நல்ல வீடுதான். காற்று வரும், நீளமான நடைபாதையில் நின்றால் வானம் முழுசாகத் தெரியும். ஆனால் கதவு நிலைகள் எல்லாம் தகரத்தை மடக்கிச் செய்தவை, சாம்பல் நிறம். நிலைவாசல் என்று வாயால் சொல்லவே கூச்சமாக இருக்கும். எனக்கு அது அழகுப் பிரச்சினை. அம்மாவுக்கோ அது குலப் பிரச்சினை.

“வாசப்படியே இல்லாத வீட்ட எவன்டி கட்டினான்? மஞ்ச எங்க பூசறது, குங்குமம் எங்க வைக்கறது? தரையிலயா?” என்று ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் கேட்பார். கட்டியவன் வந்து பதில் சொல்லப் போவதில்லை. அதனால் நான்தான் கேட்டுக்கொள்ள வேண்டும்.

இந்த வீட்டுக்குத்தான் என்னை நிச்சயம் பண்ண வருவதாக இருந்தார்கள். லோகனும் நானும் நாலைந்து வருடமாகப் பழகிக்கொண்டிருந்தோம். எனக்குச் செபராங் ஜெயாவில் கணக்குப் பிரிவில் வேலை, அவருக்குப் புக்கிட் தெங்காவில் ஒரு தொழிற்சாலையில். அவர் வீடும் கடற்பாலத்துக்கு அக்கரையில்தான், சிம்பாங் அம்பாட்டில். அம்மா இல்லை, அப்பா மட்டும். அப்பா ராமையா மாமா துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். லோகன் எங்கள் விஷயத்தைச் சொன்னபோது அவர் வேண்டாம் என்று சொல்லவில்லை, சரி என்றும் சொல்லவில்லை. “பாக்கலாம்” என்றார். அந்த ஒரு வார்த்தையில் மூன்று வருடம் ஓடிவிட்டது. (உயரத்தில் உட்கார்ந்து மெதுவாகச் சாமான் இறக்கிப் பழகியவர் என்று லோகன் சமாதானம் சொல்வார்.)

பிறகு மாமாவுக்கு நெஞ்சில் ஆபரேஷன் நடந்தது. வீட்டுக்கு வந்து உட்கார்ந்ததும் அவராகவே, “அந்தப் பொண்ணு வீட்டுக்குப் போயி தட்டு மாத்திட்டு வந்துருவோம்” என்று சொல்லிவிட்டார். எனக்குச் சந்தோஷத்தைவிடப் பயம்தான் அதிகமாக வந்தது. அவர் எங்கள் வீட்டைப் பார்த்து முகம் சுளித்து, மறுபடியும் “பாக்கலாம்” என்று ஆரம்பித்துவிட்டால்?

ஆகவே வீட்டை அரண்மனை ஆக்க முடிவு செய்தேன்.

கைப்பேசியில் எவளோ ஒரு வெள்ளைக்காரி, மொட்டைச் சுவரிலும் கதவைச் சுற்றியும் மோல்டிங் என்கிற அலங்காரப் பட்டைகளை ஒட்டிக்கொண்டிருந்தாள். ஒட்டினாள், வெள்ளை அடித்தாள், அரண்மனை வந்துவிட்டது. நானும் ஹார்ட்வேர் கடையில் பிளாஸ்டிக் மோல்டிங் பட்டைகளும் கோணத்தில் அறுக்கும் பெட்டியும் வாங்கி வந்தேன். சுவரில் கட்டம் கட்டமாக ஒட்டியது சுமாராக வந்தது. அம்மா இடுப்பில் கை வைத்துக்கொண்டு அதை நெடுநேரம் பார்த்தார்.

“இத்தன சட்டம் போட்டிருக்கியே, யாரு படத்த மாட்டப் போற?”

“படம் இல்லம்மா, இது சும்மா டிசைன்.”

“படம் இல்லாம வெறும் சட்டமா? நல்லாவாடி இருக்கும்?”

அம்மாவுக்குக் கலை தெரியாது என்று நினைத்துக்கொண்டேன். வாசல் கதவுதான் என்னைப் படுத்தி எடுத்தது. அதற்கு அகலமான பட்டை. இரண்டு துண்டையும் நாற்பத்தைந்து பாகையில் சாய்த்து அறுத்தால் மூலையில் கச்சிதமாகச் சேர வேண்டும். நான் இரண்டையும் ஒரே பக்கம் சாய்த்து அறுத்திருந்தேன். கோபித்துக்கொண்ட சம்பந்திகள் மாதிரி ஒன்று கிழக்கே பார்த்தது, ஒன்று மேற்கே பார்த்தது. மறுபடி அறுத்தேன், பட்டை குட்டையானது. இடைவெளியில் வெள்ளைப் பசையை அப்பினேன். பல் வலிக்குக் கன்னத்தில் பற்றுப் போட்ட மாதிரி மூலை வீங்கிக்கொண்டது. எல்லாவற்றையும் பிய்த்துப் போட்டேன்.

அப்போதுதான் எனக்கு அந்த மகத்தான யோசனை வந்தது. மூலை சேர்ப்பதையே தொழிலாக வைத்திருப்பவர் யார்? படத்துக்குச் சட்டம் போடுகிறவர். லிட்டல் இந்தியா சந்து ஒன்றில் அம்மா சாமி படத்துக்குச் சட்டம் போடக் கொடுக்கும் கடைக்குப் போனேன். கடைக்காரர் மணியண்ணன் அளவைக் கேட்டார்.

“ஏழடி உயரம், மூணடி அகலம், அண்ணே.”

அவர் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு என்னைப் பார்த்தார். “கோயிலுக்காம்மா?”

“வீட்டுக்கு அண்ணே.”

“வீட்டுக்கு ஏழடியா? யாருமா, அப்பாவா?”

“யாரும் இல்லண்ணே, வாசக்கதவுக்கு.”

அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, “நாலு பக்கமும்தானே?” என்றார். மூன்று பக்கம் என்று சொல்ல வாயைத் திறந்தேன். அம்மாவின் வாசப்படி ஞாபகம் வந்தது. கீழேயும் ஒரு துண்டு இருந்தால் அம்மா அதில் மஞ்சள் பூசிக்கொள்ளலாமே! “நாலு பக்கமும் அண்ணே” என்று பெருமையாகச் சொன்னேன்.

அந்த அகலத்தில் அவரிடம் இருந்தது ஒரே வகைதான். தங்க நிறம், கொடியும் பூவும் ஓடும். நம் வீடுகளில் சாமி படத்துக்குப் போடுவது. (சாமி படத்துக்கு மட்டும்தானா என்று அங்கேயே ஒரு நிமிடம் நின்று யோசித்திருக்கலாம்.) தகர நிலையில் ஆணி இறங்காது என்பதால் பசையும் ஒட்டுநாடாவும் போட்டு ஒட்டினேன். மேல் மூலைகளில் ஒரு மயிரிழைகூட இடைவெளி இல்லை. தடவிப் பார்த்தால் சேர்ந்த இடமே தெரியாது. அன்று சாயங்காலம் முழுக்க அந்த மூலைகளையே பார்த்துக்கொண்டிருந்தேன். கதவுக்கு மேலே தீபாவளிக்கு வாங்கிய சின்ன மஞ்சள் பல்பு ஒன்றையும் மாட்டினேன். அம்மா கீழ்ச் சட்டத்தில் மஞ்சள் பூசி வரிசையாகக் குங்குமம் வைத்து, வாழ்க்கையில் முதல் தடவையாக என் வேலையைப் பாராட்டினார்.

நிச்சயத்தன்று அம்மாவின் பங்குக்கு மாலை. ஆபரேஷன் பண்ணிக்கொண்டு வரும் பெரிய மனிதருக்கு மாலை போட்டுத்தான் வரவேற்க வேண்டும் என்பது அவர் முடிவு. ஆனால் ரோஜா மாலை கூடாதாம். “பூந்தூளு மூக்குல ஏறி தும்மினாருன்னா நெஞ்சுத் தையலு என்னாவறது?” என்றார். அதனால் சந்தன மாலை வாங்கினோம். கூட்டங்களில் பிரமுகர்களுக்குப் போடுவார்களே, அதுதான்.

எங்கள் லிஃப்ட் எல்லா மாடியிலும் நிற்காது. பத்தாவது மாடியில் இறங்கி, ஒரு மாடி படியில் கீழே வர வேண்டும். லோகன் பதற்றத்தில் ஏழாவது மாடியிலேயே எல்லோரையும் இறக்கிவிட்டார். மாமா இரண்டு மாடி ஏறி வந்து எங்கள் வாசலில் நின்றார். வெள்ளைச் சட்டை. மூச்சு வாங்கியதால் வாயை இறுக்கி மூடி, கண்ணைப் பாதி மூடிக்கொண்டு அசையாமல் நின்றார். அம்மா ஆரத்தி எடுத்து நெற்றியில் பெரிதாகச் சந்தனமும் குங்குமமும் வைத்தார். என் தாய்மாமா சந்தன மாலையைப் போட்டார். மாமாவுக்குப் பின்னால் நடைபாதைக்கு அப்பால் ஒன்பதாவது மாடியின் நீல வானம்.

இப்போது சொன்னால் யாருக்கும் புரிகிறது. அன்று எனக்கு மாமா தெரியவில்லை. மேல் வலது மூலைதான் தெரிந்தது. பகல் வெளிச்சத்தில் அது அவ்வளவு அழகாக இருந்தது. கைப்பேசியை எடுத்து, நான்கு மூலையும் விழுகிற மாதிரி ஒரு படம் பிடித்தேன்.

அன்று காலைதான் லோகன் என்னை அவர்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் சேர்த்திருந்தார். வரப்போகிற மருமகள் எப்படிப்பட்ட கைவேலைக்காரி என்று சொந்தம் முழுக்கத் தெரியட்டும் என்று அந்தப் படத்தை அதில் போட்டேன். மரியாதையாக இருக்கட்டும் என்று கீழே ‘ராமையா மாமா’ என்று எழுதி, கூப்பிய கை ஒன்றும் பூ ஒன்றும் சேர்த்தேன். விசேஷ நேரத்தில் சத்தம் போடக் கூடாதென்று கைப்பேசியின் வாயை அடைத்து, குளிர்பெட்டி மேல் வைத்துவிட்டுத் தேநீர் கொடுக்கப் போய்விட்டேன்.

மாமா உட்கார்ந்து கேசரி சாப்பிட்டார். பக்கத்தில் அவர் தங்கை பாக்கியம் அத்தை. சகுனம் பார்ப்பதில் அத்தையை மிஞ்ச வடக்கே தெற்கே ஆள் கிடையாது. பூனை குறுக்கே போனால் காடியைப் பின்னால் எடுத்து வேறு ரோட்டில் போகச் சொல்வார். அவருக்கே எங்கள் வீடு பிடித்திருந்தது. “பரவால்ல, லட்சணமா வெச்சிருக்கீங்க” என்றார். எனக்குக் கால் தரையில் இல்லை.

பேச வேண்டியதைப் பேசி முடித்து, மாமாவும் என் தாய்மாமாவும் தட்டுகளைக் கையில் எடுத்தார்கள். அத்தையின் கைப்பை அப்போது உறுமிக்கொண்டே இருந்தது. பொறுக்க முடியாமல் கைப்பேசியை எடுத்துப் பார்த்தார். புக்கிட் தெங்காவில் வீட்டிலிருந்த அவர் கணவர் ஏதோ படம் அனுப்பியிருந்தார்.

“ஐயோ, அண்ணே!”

தேநீர் கோப்பைகள் ஆடின. அத்தை மாரில் அடித்துக்கொண்டார். “போயிட்டியா அண்ணே! என்ன விட்டுட்டுப் போயிட்டியா!”

பக்கத்து நாற்காலியில் தட்டும் கையுமாக இருந்த மாமா திரும்பிப் பார்த்தார். “எங்க போனேன்? இங்கதான இருக்கேன்.”

அத்தை அவரைப் பார்த்தார், கைப்பேசியைப் பார்த்தார், மறுபடி அவரைப் பார்த்தார். “அப்ப இது யாரு?”

கைப்பேசி கை மாறி என்னிடம் வந்தது. தங்கச் சட்டத்துக்குள், நீலப் பின்னணியில், சந்தன மாலையோடு, நெற்றி நிறையப் பொட்டோடு, மேலே சின்ன பல்பு எரிய, கண்ணை மூடிய சாந்த முகத்தோடு ராமையா மாமா. கீழே பெயரும் கூப்பிய கையும். மூலை நான்கும் மிகக் கச்சிதமாகச் சேர்ந்திருந்தன.

குளிர்பெட்டிக்கு ஓடினேன். குழு நிரம்பி வழிந்தது. ‘ஆழ்ந்த அனுதாபங்கள்.’ ‘ஓம் சாந்தி.’ ‘நேத்துதான் போன்ல பேசினேன், நம்ப முடியல.’ ‘ஆபரேஷன் நல்லா முடிஞ்சதுன்னு சொன்னாங்களே.’ ‘எத்தன மணிக்கு எடுக்குறாங்க?’ யாரோ ஒருவர் கட்டைவிரலை மட்டும் தூக்கிக் காட்டியிருந்தார். லோகன் என் பக்கத்தில் நின்று அவசர அவசரமாக ‘அப்பா நல்லா இருக்காரு’ என்று எழுதினார். உடனே ஒரு பெரியப்பாவின் பதில் வந்தது: ‘ஆமாம் தம்பி. எங்க இருந்தாலும் அவர் நல்லாதான் இருப்பார்.’

கூடத்தில் அத்தை எழுந்து நின்றிருந்தார். “தட்டக் கீழ வைங்க. மனுசன் உசுரோட இருக்கும்போதே படத்துல ஏத்திட்டாங்க. இதுக்கு மேல என்ன சகுனம் வேணும்? இந்தச் சம்பந்தம் வேணாம்ணே.”

அம்மா விடவில்லை. “செத்துட்டதா சேதி பரவுனா ஆயுசு கெட்டின்னுதானக்கா சொல்லுவாங்க? கண்டமெல்லாம் இதோட போச்சுக்கா.”

“அது வெறும் சேதிக்கு. இங்க படமே வந்திருச்சே!” என்றார் அத்தை.

மாமா தட்டை மடியில் வைத்துவிட்டு மாலையைக் கழற்றினார். “யாரு போட்டா இந்தப் படத்த?”

“நான்தான் மாமா.”

“எதுக்கு?”

பொய் சொல்லவும் தோன்றவில்லை. “மூலை... நல்லா சேந்திருந்துச்சு மாமா.”

அவர் திரும்பி வாசலைப் பார்த்தார். நிதானமாக மேல் வலது மூலையைப் பார்த்தார். அந்த நேரத்தில் அவர் கைப்பேசி மணி அடித்தது. சத்தமாக வைத்துத்தான் பேசுவார், எல்லோருக்கும் கேட்டது.

“ஹலோ, ராமையா வீட்டுலேர்ந்து யாரு பேசறது?”

“ராமையாதான் பேசறேன்.”

எதிர்முனையில் ஏதோ கீழே விழுந்த சத்தம் கேட்டது, அழைப்பு அறுந்தது. மாமா தட்டைக் கீழே வைத்துவிட்டு எழுந்தார். “வீட்டுக்குப் போவணும்” என்றார். அவ்வளவுதான். தங்கச் சட்டத்தைத் தாண்டிப் படி இறங்கிப் போய்விட்டார். அத்தை பின்னாலேயே போனார்.

நான் அடுப்படியில் போய் நின்று அழுதேன். மூன்று வருடக் காத்திருப்பு. அவர் ‘பாக்கலாம்’ என்று சொல்லியிருந்தால்கூடப் போதும் என்று இருந்தது. லோகன் வாசலில் தலையை நீட்டினார்.

“தட்டெல்லாம் எடுத்துக்கிட்டு பின்னாலயே வாங்க. அப்பா வேணாம்னு சொல்லல லா.”

“சரின்னும் சொல்லலயே!”

“அவரு எப்பதான் சொன்னாரு? வாங்க லா.”

என் தாய்மாமாவின் காடியில் ஏறினோம். பாலம் முழுக்க நானும் அம்மாவும் மடியில் தட்டுகளை வைத்துக்கொண்டு, ஆரஞ்சுப் பழம் உருளாமல் பிடித்துக்கொண்டு போனோம்.

சிம்பாங் அம்பாட்டில் மாமா வீட்டு முன்னால் கூடாரம் போட்டிருந்தது. அவர்கள் குடியிருப்பில் யாராவது தவறிவிட்டால் மற்ற வீட்டு ஆண்கள் கூடி முதல் வேலையாகக் கூடாரமும் நாற்காலியும் கொண்டுவந்து இறக்கிவிடுவார்கள். அன்றும் இறக்கிவிட்டார்கள். வெள்ளைச் சட்டைக்காரர்கள் காப்பி குடித்துக்கொண்டிருந்தார்கள். பெண்கள் பூட்டிய கிரில்லுக்கு முன்னால் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தார்கள். ஒருவர் மலர்வளையத்தை எங்கே வைப்பதென்று தெரியாமல் பிடித்துக்கொண்டு நின்றார்.

மாமா காடியிலிருந்து இறங்கினார். அழுகை பாதியில் நின்றது. ஒருவர் காப்பியைத் தன் வேட்டியிலேயே ஊற்றிக்கொண்டார். மலர்வளையக்காரர் அதை முதுகுக்குப் பின்னால் மறைக்கப் பார்த்தார். அவ்வளவு பெரிய வளையம் எங்கே மறையும்?

மாமா கூடாரத்துக்குள் நடந்து போய் ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். “கல்யாணத்துக்குக் கூப்பிட்டா வேல இருக்குன்னு சொல்றவன்லாம் வந்திருக்கீங்க” என்றார். அவர் நெஞ்சுத் தையல்மேல் கையை வைத்துக்கொண்டார். நான் அவர் குரல் தடுமாறிக் கேட்டது அந்த ஒரு தடவைதான். “இத்தன பேரு வருவீங்கன்னு நான் நெனைக்கலப்பா.”

மனைவி போன பிறகு அந்த வீட்டில் சத்தமில்லாமல் இருந்தவர். ஆபரேஷனுக்கு முன்னால், தனக்கு ஒன்று ஆனால் தூக்க நாலு பேர் வருவார்களா என்று லோகனிடம் கேட்டாராம். லோகன் எனக்கு அதைப் பிற்பாடுதான் சொன்னார்.

அத்தை, “அண்ணே, உள்ள போயி மொதல்ல தலைக்கு ஊத்து. இந்த எடத்துல நிக்காத” என்று கையைப் பிடித்து இழுத்தார்.

“சும்மா இரு பாக்கியம். கூடாரம் இருக்கு, நாக்காலி இருக்கு, காப்பி இருக்கு, சனம் மொத்தமும் இருக்கு. இதுக்கு மேல என்னா வேணும்?” மாமா திரும்பி எங்களைத் தேடினார். நாங்கள் காடி ஓரமாகத் தட்டோடு நின்றிருந்தோம். “அங்கயே நின்னா எப்படி? தட்டக் கொண்டாங்க.”

என் நிச்சயதார்த்தம் சாவுக் கூடாரத்தில் நடந்தது. அழ வந்த பெண்கள் முகத்தைத் துடைத்துக்கொண்டு குலவை போட்டார்கள். அத்தை கடைசிவரை முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்துவிட்டு, பிறகு தானே உப்பும் மிளகாயும் எடுத்துவந்து அண்ணனுக்குச் சுற்றிப் போட்டார். எனக்கும் சேர்த்துச் சுற்றினார், கொஞ்சம் வேகமாக.

கல்யாணம் ஆகிப் பல வருடம் ஆகிவிட்டது. எங்கள் இரண்டு வீட்டிலும் இன்றைக்கும் யாராவது மாலையோடு கதவுப் பக்கம் நின்றால், “டேய், சட்டத்த விட்டு வெளிய வா!” என்று நாலு குரல் கேட்கும். கல்யாணத்தன்று மண்டப வாசலின் அலங்கார வளைவுக்குள் எங்களை நிறுத்தப் பார்த்த புகைப்படக்காரருக்குச் சொந்தம் மொத்தமும் ஏன் கத்தியது என்று கடைசிவரை புரிந்திருக்காது.

மாமா மட்டும் அந்தக் கிண்டலில் சேருவதில்லை. எங்களோடு வந்து இருங்கள் என்று கூப்பிட்டாலும் வருவதில்லை. ஆனால் அன்றிலிருந்து தினமும் காலையில் குடும்பக் குழுவில் ஒரு வார்த்தை போடுவார். மற்றவர்கள் பூப் படமும் காலை வணக்கமும் அனுப்புகிற இடத்தில் அவர் எழுதுவது ‘இருக்கேன்.’ எல்லோரும் சிரிப்புப் பொம்மை போடுவார்கள்.

போன மாதம் ஒரு நாள் அந்த வார்த்தை வரவில்லை. வேலைக்குப் போகும் வழியில் கூப்பிட்டேன், எடுக்கவில்லை. மறுபடி கூப்பிட்டேன். காடியைத் திருப்பிக்கொண்டு சிம்பாங் அம்பாட்டுக்கு எப்படி ஓட்டினேன் என்று எனக்கே தெரியாது. கிரில் பூட்டியிருந்தது. தட்டினேன், கத்தினேன், அக்கம்பக்கத்து வீட்டுக்காரர்கள் எட்டிப் பார்க்கும் அளவுக்கு அழுதேன்.

பின்னால் மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. பாசாரிலிருந்து வந்த மாமா மீன் பையோடு இறங்கினார். “என்னாம்மா?”

“மெசேஜ் வரல” என்றேன்.

அவர் சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்தார். கைப்பேசியை வீட்டிலேயே விட்டுவிட்டுப் போயிருந்தார். என் முகத்தைப் பார்த்தார். கிரில்லைத் திறந்து உள்ளே போய், தொலைக்காட்சி மேல் கிடந்த கைப்பேசியை எடுத்து, நான் எதிரிலேயே நிற்கும்போது ஒவ்வோர் எழுத்தாகத் தடவித் தடவி எழுதினார். என் கைப்பேசி மணி அடித்தது.

‘இருக்கேன்’ என்று வந்திருந்தது. கீழே இன்னொரு வரி.

‘மருமகளும் இருக்கா.’